நஷ்டத்தில் ஓடும் கண்மாய்

ஜனவரி 20, 2025

இந்த செமஸ்டரும் இரண்டாம் ஆண்டு பி.காமுக்கு இவிஎஸ், அதாவது சுற்றுச்சூழல் பாடம், எனக்குத்தான். எங்கள் துறையில் யாருக்குப் பீரியட் குறைகிறதோ அவர் தலையில் விழும் பாடம் இது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால் வந்தது. கோர்ட் சொன்னதால் நாங்கள் நடத்துகிறோம், கட்டாயம் என்பதால் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இதற்கு முதலில் வகுத்த பாடத்திட்டத்தில் 50 பீரியட், அதில் 5 களப்பணிக்கு. நான் பார்த்தவரை அந்த ஐந்தும் ஒரு மரக்கன்று, ஒரு பேனர், ஒரு குரூப் போட்டோவோடு முடிந்துவிடும். இந்த முறை கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் கண்மாய்க்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். கலுங்கு வரை தண்ணீர் நிற்கிறது, பாசிப்பச்சையாக.

ஜனவரி 23

சூழல் மண்டலம் நடத்தினேன், உயிர்களும் அவை வாழும் இடமும் சேர்ந்த அமைப்பு. டான்ஸ்லி 1935-ல் வைத்த பெயர் என்று ஆரம்பித்தபோதே கடைசி பெஞ்ச் தூங்கிவிட்டது. லிண்டமன் கதைக்குத்தான் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஏரியை எடுத்துக்கொண்டு, பாசியிலிருந்து மீன் வரை எவ்வளவு சக்தி ஏறுகிறது என்று பார்த்தவர். கட்டுரையை முதலில் பத்திரிகையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் 1942-ல் அது வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. வயது 26.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போகும் என்றேன். "மீதி எங்க மேடம் போகுது?" என்றான் ஒருவன். பெரும்பகுதி மூச்சுவிடுவதிலேயே வெப்பமாகப் போய்விடும் என்றேன்.

"அப்ப அது செலவு."

பத்து வருடமாக நடத்துகிறேன், இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

ஜனவரி 29

கண்மாய்க்குப் போனோம். வெள்ளை பாட்டில், கறுப்பு பாட்டில் சோதனை, தண்ணீரில் பாசி எவ்வளவு ஆக்ஸிஜன் விடுகிறது, மூச்சுக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க. நார்வேயில் கார்டர், கிரான் என்ற இருவர் ஆஸ்லோ கடற்கழியில் செய்து 1927-ல் வெளியிட்ட முறை. செலவு அதிகமில்லை. ஒரே தண்ணீரை மூன்று பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஒன்றில் அப்போதே ஆக்ஸிஜன் பார்த்துவிட வேண்டும். இன்னொன்றை அப்படியே, மூன்றாவதை அலுமினியத் தாள் சுற்றி, இரண்டையும் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். வெளிச்சம் படும் பாட்டிலில் பாசி ஆக்ஸிஜன் விடும், மூச்சும் விடும். இருட்டு பாட்டிலில் மூச்சு மட்டும்.

மூங்கில் குச்சி நட்டு, ஒரு அடி ஆழத்தில் கட்டினோம். காலை 10 முதல் மதியம் 2 வரை.

ஆக்ஸிஜன் பார்ப்பது விங்க்ளர் முறையில். புடாபெஸ்ட்காரர், 1888-ல் சொன்னது, இன்றும் லேபில் அதுதான். மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டதும் பாட்டிலுக்குள் காபிப்பொடி நிறத்தில் திரிதிரியாக இறங்கியது. வெள்ளையாகவே நின்றால் ஆக்ஸிஜன் இல்லை என்று அர்த்தம். அப்புறம் லேபில் அமிலம் விட்டால் திரி கரைந்து மஞ்சளாகும், தயோசல்பேட் கரைசல் சொட்டச் சொட்ட வெளிறும், ஸ்டார்ச் விட்டதும் கருநீலம், இன்னும் சில சொட்டில் பளிச்சென்று நிறமே போய்விடும். காமர்ஸ் பிள்ளைகள் பியூரெட் பிடித்து அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்: தொடக்கம் 6.4, வெள்ளை 9.1, கறுப்பு 5.2.

நான் சூத்திரம் எழுதுவதற்குள் அவர்களே போட்டுவிட்டார்கள். 6.4-லிருந்து 5.2 போனால் செலவு 1.2. 9.1-லிருந்து 6.4 போனால் நிகர லாபம் 2.7. இரண்டையும் கூட்டினால் மொத்த வருமானம் 3.9. புத்தகத்திலும் மொத்த உற்பத்தி, நிகர உற்பத்தி என்றுதான் இருக்கிறது. விலங்கியல் மாணவர்களுக்கு இதைப் புரிய வைக்க எனக்கு இரண்டு பீரியட் ஆகும்.

"நல்ல லாபம் மேடம், அப்புறம் ஏன் மீன் சாகுது?" என்றாள் கண்மாய்க்கரை ஊர்ப் பெண் ஒருத்தி.

ஜனவரி 30

விடை கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கும் பெரியவரிடம் இருந்தது. "சாயங்காலம் ஒண்ணும் தெரியாது தாயி. விடியக்காலம் வந்து பாரு, வாயப் பிளந்துக்கிட்டு மேல நிக்கும். கட்லா, ரோகு முதல்ல போயிரும், ஜிலேபிக் கெண்டை தாக்குப் பிடிக்கும். முந்தின நாள் மூட்டம் போட்டிருந்தா இன்னும் மோசம்."

மூட்டம் போட்ட நாளில் வருமானம் குறையும், செலவு அப்படியே இருக்கும். அவர் ஒரு வரியில் சொன்னது என் யூனிட் 3-ல் பாதி.

பிப்ரவரி 4

நேற்று மாலை 5:30-க்கும் இன்று காலை 6 மணிக்கும் அதே இடத்தில் தண்ணீர் எடுத்தோம். விடுதிப் பையன்கள் சிலரும் அந்த ஊர்ப் பெண்ணும் வந்தார்கள். கரையில் நல்ல பனி. மடைக்குப் பக்கத்தில் ஜிலேபிகள் மேல்பரப்பில் வரிசையாக வாயை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. கல் விழுந்தால் உள்ளே போய், உடனே திரும்ப வந்தன.

மாலையில் 9.8. காலையில் 1.6.

இதில்தான் வகுப்பு சூடானது. பாட்டில் கணக்குப்படி நான்கு மணி நேரத்துக்கு 1.2 என்றால் மணிக்கு 0.3. இரவு பன்னிரண்டரை மணி நேரத்துக்கு 4 கூட வரவில்லை. ஆனால் குறைந்திருப்பது 8.2. பாதிக்கு மேல் கணக்கில் வராத செலவு. எங்கே போனது?

ஒரு பங்கு காற்றுக்குப் போயிருக்கும். 30 டிகிரி தண்ணீரில் சுமார் 7.5-க்கு மேல் ஆக்ஸிஜன் நிலையாக நிற்காது, பாசி பகலில் அதற்கு மேல் ஏற்றிவிட்ட மிச்சம் வெளியேறும். மீனும் தன் பங்குக்கு எடுக்கும். ஆனால் பெரிய புள்ளி அடியில் இருக்கிறது. தெருச் சாக்கடை வந்து சேரும் கண்மாய் இது. செத்த பாசி, கழிவு எல்லாம் சேறாகப் படிந்து கிடக்கிறது, அதை மட்கவைக்கும் பாக்டீரியா இரவும் பகலும் ஆக்ஸிஜனை இழுக்கிறது. பாட்டிலுக்குள் நாம் பிடித்தது தண்ணீரை மட்டும்தான், சேற்றைப் பிடிக்கவில்லை.

ஆகாயத்தாமரையை வாரி எடுப்பதற்கு ஆண்டுதோறும் விழா மாதிரி ஆள் சேர்கிறது. நல்லதுதான். ஆனால் சாக்கடையை மறிக்காமல், சேற்றை அள்ளாமல் மேலே மட்டும் வாரினால் விடியற்காலை 1.6 எங்கே ஏறப்போகிறது?

பிப்ரவரி 6

இன்டர்னல் வினாத்தாள். வழக்கமான "சூழல் மண்டலம் – வரையறு" கேள்வியை எடுத்துவிட்டு மூன்று பாட்டில் அளவுகளைக் கொடுத்து லாப நஷ்டம் கேட்டிருக்கிறேன். பாடத்திட்டத்துக்கு வெளியே என்று ஒரு குரல் வந்தது. யூனிட்டைத் திறந்து காட்டினேன், சரி என்றார்கள்.

அந்தப் பெண் வந்து, அடியில் ஒரு கை சேறு போட்டு இன்னொரு கறுப்பு பாட்டில் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். கலங்கினால் கணக்கு கெடும், கண்ணாடிக் குழாயைச் சேற்றில் இறக்கி மேல் தண்ணீரோடு கலங்காமல் எடுக்க வேண்டும் என்றேன். வேதியியல் துறை ஸ்டோரில் குழாய் இருக்கிறது. திங்கட்கிழமை ரிக்விசிஷன் கொடுக்க வேண்டும், ரப்பர் கார்க்கும் சேர்த்து.