கேட் தேர்வு: டிஐஎல்ஆரில் விடத் தெரிந்தால் போதும்

ஐஐஎம் போன்ற கல்லூரிகளில் எம்பிஏ சேர எழுதும் கேட் (CAT) 2024 ரிசல்ட் டிசம்பர் 19 அன்று வந்தது. மொத்தத்தில் 95 பர்சன்டைலுக்குக் கொஞ்சம் மேல், அதாவது நூற்றில் 95 பேரை முந்தியிருக்கிறேன். டிஐஎல்ஆர் (தரவுகளையும் தர்க்கத்தையும் வைத்துப் போடும் பகுதி) 98-ஐத் தாண்டியது, கணக்கு 93, ஆங்கிலம் 80-ஐக்கூடத் தொடவில்லை. அகமதாபாத், பெங்களூர் ஐஐஎம் எல்லாம் இனி இல்லை என்று தெரியும். ஆனாலும் கோத்தகிரியில் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு இது போதும். பாட்டி "பாஸா ஃபெயிலா?" என்று மட்டும் கேட்டார். பர்சன்டைலை எங்கே விளக்குவது? பாஸ் என்று சொல்லிவிட்டேன்.

என்னைக் காப்பாற்றியது டிஐஎல்ஆர். அதில் 40 நிமிடம், ஐந்து செட், 22 கேள்வி. ஒரு தகவல் தொகுப்பும் அதை ஒட்டிய சில கேள்விகளும் சேர்ந்ததுதான் ஒரு செட். முதல் ஆறு நிமிடம் நான் எதையுமே போடவில்லை. ஐந்து செட்டையும் வாசித்தேன், அவ்வளவுதான். ரஃப் ஷீட்டில் ஒன்று முதல் ஐந்து வரை எழுதி, பக்கத்தில் ஒரு டிக் அல்லது பெருக்கல் குறி. பக்கத்து சீட்டில் ஒருவர் பரபரவென்று எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், பார்க்காதீர்கள்.

டிக் போட எனக்கு இருந்த அளவுகோல்:

- நிபந்தனைகளில் "சரியாக", "மட்டுமே" என்று வந்தால் நல்லது. "குறைந்தபட்சம்", "அதிகபட்சம்" என்று நாலைந்து வந்தால் கிளை கிளையாகப் பிரியும், வேண்டாம்.
- கேள்விகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மூன்று கேள்வி "கூடுதலாக இது தெரிந்தால்" என்று தொடங்கினால், அந்த செட் முழுதாக முடியாமலே மார்க் தரும்.
- பெரிய எண்களும் சதவீதமும் நிறைந்த செட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். திரையில் உள்ள கால்குலேட்டரை மவுஸால்தான் தட்ட வேண்டும், உயிர் போய்விடும்.
- ஒரு செட்டில் இறங்கி ஐந்து நிமிடத்தில் கட்டம் நிரம்பவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பாதி போட்டாயிற்றே என்ற ஆசைதான் ஆளைக் கவிழ்க்கும்.

மூன்று செட் முடித்தேன். மீதி இரண்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வேகமாகப் போடுகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். நான் நிதானமான ஆள், எனக்கு இதுதான் ஒத்துவந்தது.

ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அருகதை குறைவு. நான்கு பத்தியில் மூன்றை ஒழுங்காகப் படித்தேன். கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தும் பாரா ஜம்பிளில் டைப் செய்யும் விடைக்கு நெகட்டிவ் மார்க் இல்லை, எதையாவது தட்டிவிட்டு நகருங்கள். கணக்குக்கு அரித்மெடிக், அல்ஜீப்ரா. மற்றதெல்லாம் அப்புறம்.

வாரம் இரண்டு மாக் (ஆன்லைன் மாதிரித் தேர்வு) என்று கோச்சிங்காரர்கள் துரத்துவார்கள். மலையில் அது நடக்காது. மழைக்காலத்தில் கரண்ட் போகும், கூடவே வைஃபையும் போகும், டெஸ்ட் பாதியில் நிற்கும். நான் பழைய கேள்வித்தாள்களை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு தாளைப் போட இரண்டு மணி நேரம், எந்த செட்டை ஏன் எடுத்தேன், ஏன் விட்டேன் என்று அலச இரண்டு நாள். லேப்டாப்பில் போடும்போது மட்டும் டச்பேட் வேண்டாம், ஒரு மவுஸ் வாங்கிவிடுங்கள்.

சென்டர் கோவை, காலை எட்டரை ஸ்லாட். நவம்பர் கடைசி என்றால் நம் மலைப்பாதையில் எங்கே மண் சரியும், எங்கே மரம் விழும் என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்க்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நான் முந்தின நாளே துடியலூர் சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். சித்தி இரவு முழுக்க ஃபேனைப் போட்டு விட்டதில் சளி பிடித்தது வேறு கதை.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. ஐஐஎம் இடஒதுக்கீட்டுக்குக் கையில் பிசி சாதிச் சான்றிதழ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மத்திய அரசு படிவத்தில் ஓபிசி நான்-கிரீமிலேயர் (வசதி வரம்பைத் தாண்டாத குடும்பம் என்ற) சான்றிதழ் வாங்க வேண்டும். பொதுவாக விவசாய வருமானம் அதற்கான 8 லட்ச ஆண்டு வருமான வரம்பில் சேராது, ஆனால் தேயிலை, காபித் தோட்ட வருமானம் சேரும். தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கேதான் கேள்வி எழும், அலுவலகத்தில் நாலு முறை அலைய விடுவார்கள். ஆகஸ்டில் பதிவு தொடங்கும், அதற்கு முன்பே இ-சேவையில் போட்டுவிடுங்கள்.

இனி நேர்காணல் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்பிஏ சேர எழுதும் டான்செட் அறிவிப்பு வந்ததும் அதற்கும் போட்டு வைப்பேன்.