தரையில் இறக்கிவிட்ட காடை அடை உட்கார்ந்தது

காடை அடை உட்காராது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாமக்கல் பக்கம் குஞ்சு விற்பவர்களிடம் கேட்டாலும் அதே பதில்தான்: "முட்டையைப் பொரிக்கிற மிஷின்ல வைங்க, இல்லைன்னா அடைக்கோழிக்குக் கீழ வைங்க." தப்பில்லை. நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974-இல் இந்தியாவுக்கு வந்ததே பண்ணைப் பறவையாகத்தான். முட்டைக்கும் கறிக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்ததில், ஆறேழு வாரத்திலேயே முட்டையிடும் குணம் வந்தது, அடை உட்காரும் குணம் மங்கிப்போனது. அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும். எந்தப் பண்ணைக்காரர் அதை விரும்புவார்?

மங்கியதுதான், அடியோடு போய்விடவில்லை.

கம்பிக் கூண்டில் முட்டை விழுந்ததுமே சரிவில் உருண்டு வெளியே போய்விடுகிறது. முட்டை சேர்ந்து கிடந்தால்தானே உட்காரத் தோன்றும்? அதனால் சில பெட்டைகளையும் ஒரு சேவலையும் கொல்லைப் பட்டியில் மண் தரையில் இறக்கிவிட்டேன். மூலையில் சோளத்தட்டைச் சாய்த்து மறைப்பு. முட்டைகளை எடுக்கவில்லை.

பெரும்பாலானவை கண்ட இடத்தில் முட்டை போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் சோளத்தட்டுக்குப் பின்னால் மண்ணைப் பறித்துக் குழி செய்து, காய்ந்த புல்லை அலகால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு பெட்டையின் முட்டைக்கும் புள்ளி தனி மாதிரி இருக்கும். குழியில் கிடந்ததைப் பார்த்தால் பாதி அடுத்தவர்கள் போட்டது! கையை நீட்டினால் ஓடாமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு அமுங்கினாள். சரி, அடைதான் என்று உறுதியானதும் சேவலையும் மற்றவர்களையும் கூண்டுக்கு மாற்றினேன். சேவல் இருந்தால் ஏறி மிதித்தே எழுப்பிவிடும்.

"இந்தக் குருவியா அவயம் (அடை) காக்கப்போகுது?" என்று சிரித்த அத்தைதான், மறுநாள் இடி இடித்தால் முட்டைக்கு ஆகாது என்று ஒரு துருப்பிடித்த ஆணியையும் கரித்துண்டையும் குழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கோழிக்குச் செய்வதை இதற்கு மட்டும் ஏன் விடவேண்டும் என்பது அவர் கட்சி.

காடை முட்டை பொரிய 17, 18 நாள் ஆகும். மிஷினில் 37.5 டிகிரி, ஈரப்பதம், திருப்பிவிடுவது என்று நாம் படும் பாட்டையெல்லாம் அவள் வயிற்றாலும் அலகாலும் பார்த்துக்கொண்டாள். தீவனத்துக்கு எழுந்தால் அவசரமாகக் கொத்திவிட்டு உடனே திரும்பிவிடுவாள். கடைசியில் காதை வைத்துக் கேட்டால் முட்டைக்குள் 'டிக் டிக்' என்று சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து முட்டைக் குஞ்சுகளும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஏறக்குறைய ஒன்றாக வெளியே வருகின்றன. சில கூமுட்டையாகப் போயின, மீதி பொரிந்தன.

குஞ்சு ஒவ்வொன்றும் ஏழெட்டு கிராம்தான். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்பாவிட்டால் முங்கிச் செத்துவிடும். எறும்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சூட்டுக்குப் பல்பு மட்டும் தேவைப்படவில்லை, சிறகுக்கடியில் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது.

விற்பதற்குக் குஞ்சு வேண்டுமென்றால் மிஷினை விட்டுவிடாதீர்கள். இவளை நம்பிக் கணக்குப் போட முடியாது. குஞ்சுகளுக்கு மூன்று வாரத்தில் நெஞ்சு செம்பழுப்பானால் சேவல், புள்ளி விழுந்தால் பெட்டை. அப்புறம் இவள் வளர்த்த பெட்டைகளை மட்டும் தரையிலேயே விட்டுவைக்கப்போகிறேன். ஒன்றாவது உட்காரும் என்று நானும், ஒன்றும் உட்காராது என்று அத்தையும் பந்தயம் கட்டியிருக்கிறோம்.