விரல் தட்டும் வேலை

ஜூன் 4

ஆய்வுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) என்று தெரிந்து ஆறு வருஷம். இதுவரை எனக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. எல்லாமே தழும்பைத் தேடியவை. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை உரிந்த இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்; எண்ணிப் பார்த்துப் போன தடவையோடு ஒப்பிடுவார்கள். புதுப் புள்ளி ஒன்றுகூட வராத வருஷத்தில்தான் நான் ரொம்பவும் தளர்ந்துபோயிருந்தேன். “ஸ்கேன் நன்றாகத்தானே இருக்கிறது” என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்தத் தடவை, வேலை செய்யும்போது மூளையில் எந்த இடம் உழைக்கிறது என்று பார்க்கப்போகிறார்களாம். எஃப்.எம்.ஆர்.ஐ.

ஜூன் 11

குழாய்க்குள் ஐம்பது நிமிடம். தலையைச் சுற்றிக் கூண்டு, அதில் சாய்வாக ஒரு கண்ணாடி, அதன் வழியே திரை. பச்சை வட்டம் வந்தால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தட்ட வேண்டும், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். 30 வினாடி தட்டல், 30 வினாடி சும்மா. (அந்தச் சிவப்பு என் இடது கண்ணுக்கு வெளுத்த செங்கல் நிறம். பார்வை நரம்பில் அழற்சி வந்துபோனதின் மிச்சம்.)

மூன்றாவது சுற்றில் இருமல் வந்துவிட்டது. அடக்கப் பார்த்ததில் தலை இன்னும் குலுங்கியது. அந்தச் சுற்று வீண். சில மில்லிமீட்டர் அசைந்தாலே கணக்கு கெட்டுவிடுமாம்.

அப்புறம் கூட்டல். மூன்று வினாடிக்கு ஓர் எண் காதில் விழும். அதை முந்தைய எண்ணோடு கூட்ட வேண்டும், முந்தைய விடையோடு அல்ல. கேட்க எளிது. ஐந்தாவது எண்ணிலேயே விடையைப் பிடித்துக்கொண்டு எண்ணைத் தவறவிட்டேன்.

ஜூன் 12

படுக்கை.

ஜூன் 20

படித்துப் பார்த்ததில் தெரிந்தது: இந்தக் கருவி நரம்பின் மின்துடிப்பைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பது ரத்தத்தை. மூளையின் ஒரு பகுதி உழைத்தால் அங்கே தேவைக்கு மேலாகவே ரத்தம் பாய்கிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். புது ரத்தம் வந்து அதன் அளவு குறைந்ததும் சிக்னல் லேசாகக் கூடும். செய்ஜி ஒகாவாவின் குழு 1990இல் காட்டியது இது. விரல் தட்டி ஐந்து வினாடி போலான பிறகுதான் ரத்தத்தின் பதில் உச்சத்துக்கு வருகிறது. ஆக, படத்தில் தெரியும் ஆரஞ்சுத் திட்டு புகைப்படம் அல்ல, கணக்குப் போட்டு வண்ணம் பூசியது. எனக்கு இது பிடித்திருந்தது. குறைந்தபட்சம் மிரட்டாத படம்.

ஜூன் 27

படத்தைக் காட்டினார்கள். வலது கை அசைந்தால் மூளையின் இடப்பக்கம்தான் முக்கியமாக உழைக்க வேண்டும். எனக்கு வலப்பக்கத்திலும் திட்டு, நடுவில் அசைவைத் திட்டமிடும் பகுதியிலும் பெரிய திட்டு. ஒரே ஆளின் படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார் ஆய்வாளர், ஆனால் எம்.எஸ். உள்ளவர்களைக் குழுவாகப் பார்த்த பல ஆய்வுகளில், முதல் தாக்குதல் மட்டுமே வந்தவர்களிடம்கூட, இதைக் கண்டிருக்கிறார்களாம்.

“அப்படியென்றால் மூளை சமாளிக்கிறது, நல்லதுதானே?” என்று கேட்டேன். உடனே தலையாட்டாதது அவர்மேல் மதிப்பைக் கூட்டியது. சமாளிப்பாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடக்கிவைக்கும் இணைப்பு பழுதானதால் மறுபக்கம் சும்மா இருக்க முடியாமல் எழுவதாகவும் இருக்கலாம். நோயால் ரத்தக்குழாயின் பதிலே மாறியிருந்தால் திட்டின் அளவை அப்படியே நம்பவும் முடியாது.

நான் சமாளிப்புக் கட்சி. ஆனால் ஓராள் வேலைக்கு இரண்டாள் போனால் கூலியும் இரட்டிப்பாகும். அந்த 12ஆம் தேதியை நான் அந்தக் கணக்கில்தான் எழுதுவேன். அறிவியல் இல்லை, என் கணக்கு.

கிளம்பும்போது கேட்டார்: “தட்டும்போது இடது கையும் அசைந்ததா?” நான் கவனிக்கவே இல்லை.

ஜூன் 28

இடது கையின் கீழே ஒரு தாளை வைத்து, வலது விரல்களைத் தட்டிப் பார்த்தேன். முதல் ஒரு நிமிடம் தாள் அசையவில்லை. கொஞ்சம் வேகமாகத் தட்டினேன். சரசரத்தது.