அன்னம்மாள் திருவிழாவும் அத்தையின் 555 நோட்டும்

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்விட்டு, அப்படியே பினாங்குத் தீவையும் பார்த்துவிட்டு நேற்று ராத்திரிதான் கிள்ளானுக்குத் திரும்பினோம். கால் வலி இன்னும் போகவில்லை. ஆனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வாட்சப்பில் கேட்டவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

முதலில் ரயில். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ஏறினால் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் புக்கிட் மெர்தாஜாம். திருவிழா வாரத்து டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். மற்றபடி ரயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தொல்லை எல்லாம் இறங்கின பிறகுதான்.

ஸ்டேஷனிலிருந்து கோயில் பக்கம்தான். சாதாரண நாளில் செயலியில் கிராப் கார் போட்டால் பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்துவிடும். அன்றைக்கு எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரு காரும் வரவில்லை. வெளியே ஒரு வேன் நின்றது. "கோயிலுக்கா? ஏறுங்க, ஆளுக்கு இருபது வெள்ளி" என்றார் வேன்காரர். அத்தைக்கும் எனக்கும் சேர்த்து நாற்பது! மொத்தப் பயணத்தையும் ஆளுக்கு 300 வெள்ளிக்குள் முடிப்பது என்று கணக்குப் போட்டு வந்தவள் நான்.

"அண்ணே, இந்தா இருக்கிற இடத்துக்கு இவ்வளவா?"

"திருவிழா சமயத்துல அப்படித்தாம்மா. வர்றதுனா வாங்க."

அத்தைக்கு முழங்கால் வலி. அந்த வெயிலில் அவரை நடக்க வைக்க முடியாது. வேறு வழியில்லாமல் ஏறினோம். உள்ளே இருக்கிற சீட்டை விட ஆட்கள் அதிகம், ஏர்கண்டிஷன் வேலை செய்யவில்லை. ஒரு பாட்டி மடியில் பூக்கூடையை வைத்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ரோட்டை மறித்திருந்தார்கள். "இதுக்கு மேல போவாது, இறங்குங்க" என்று எங்களை இறக்கிவிட்டு, அடுத்த ட்ரிப் பிடிக்கத் திரும்பிப் போய்விட்டார். கடைசியில் அத்தை நடக்கத்தான் வேண்டியிருந்தது. நேர்த்திக்கடன் செலுத்த வருகிற வயசானவர்களிடம் இப்படிப் பிடுங்குவது அநியாயம். அதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பம் மெதடிஸ்ட், அதாவது புரொட்டஸ்டண்ட் சபை. அத்தை மட்டும் கெடா பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, அவர்களோடு பூசைக்குப் போக ஆரம்பித்தவர். சுரூபம் (புனிதர் சிலை), மெழுகுவர்த்தி, ஜெபமாலை என்றால் எங்கள் வீட்டில் ஒரு மாதிரியாகத்தான் பேசுவார்கள். அவர் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொன்னதில்லை. அதே சமயம், "நீங்க எப்படி ஜெபம் பண்ணுவீங்க?" என்று யாரும் அவரை உட்கார வைத்துக் கேட்டதும் இல்லை. அதைக் கேட்கத்தான் நான் அவரோடு கிளம்பினேன்.

கோயிலைப் பற்றிக் கொஞ்சம். இங்கே முதல் சிற்றாலயம் கட்டப்பட்டது 1846-ல். இப்போது குன்றின் அடிவாரத்தில் பழைய கோயில் என்று எல்லோரும் சொல்வது 1888-ல் கட்டியது. எதிரே இருக்கிற பிரம்மாண்டமான புதுக் கோயில் 2002-ல் வந்தது. 2019-ல் ரோமிலிருந்து இதற்குப் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. அன்னம்மாள் மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. ஜூலை 26 அவருடைய நாள். அதையொட்டி நடக்கும் திருவிழாவுக்கு வருகிற கூட்டம் லட்சத்தைத் தாண்டும். தமிழில் ஒரு பூசை, மாண்டரினில் ஒரு பூசை, ஆங்கிலத்தில், மலாயில் என்று மாறி மாறி நடக்கிறது. நெற்றியில் திருநீறு வைத்த ஓர் அம்மா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்ற வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு சீனத் தாத்தா, பின்னால் சபாவிலிருந்து வந்த இளைஞர்கள். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்க்கவில்லை.

அத்தை பழைய கோயில் படிக்கட்டில் நிழல் பார்த்து உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்தார். நம்மூர் மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்ன நோட்டு. ரப்பர் பேண்டில் ஒரு பென்சில் செருகியிருந்தது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. பிரித்தால் பக்கம் பக்கமாகப் பெயர்கள். "பக்கத்து வீட்டுச் சீனத்தி." "கிளினிக் மிஸ்ஸி." "பெரிய கிராணி." இறந்துபோனவர்கள் பெயருக்கு மேல் ஒரு சின்னச் சிலுவை. ஒன்றையும் அடிக்கவில்லை. முதல் பக்கத்தில் முதல் பெயர் எங்கள் தாத்தாவுடையது. அத்தையின் கல்யாணத்துக்கு வராத தாத்தா. சாகும்வரை அந்த வீட்டுப் படியை மிதிக்காதவர்.

"தாத்தா பேரா அத்தை முதல்ல?"

"அவர்தானே எனக்கு ஜெபம் சொல்லிக் குடுத்தாரு" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அப்புறம் பென்சிலை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினார்: "வேன் தம்பி, பிஎம் ஸ்டேசன்."

எனக்குத் தாங்கவில்லை. "அந்த ஆளுக்கா? நாற்பது வெள்ளி பிடுங்கினாரே!"

"பிடுங்கினான், சரிதான். யார் அவனுக்காகக் கேக்கப் போறா?"

பிறகு ஒவ்வொரு பெயராக விரலை வைத்து வைத்துப் படித்தார். அது வேண்டும், இது வேண்டும் என்று எதுவும் கேட்கவில்லை. பெயரைச் சொல்வார், கொஞ்சம் நிற்பார், அடுத்த பெயர். சில பெயர்களில் அதிக நேரம் நின்றார். தமிழ்ப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்வரை அது நடந்தது. நான் சிறு வயதிலிருந்து சபையில் இருக்கிறவள். வேதபாட வகுப்பு எடுத்திருக்கிறேன், மைக் பிடித்து ஜெபித்திருக்கிறேன். என் ஜெபத்தில் என் வேலை, என் வீட்டுக் கடன், என் உடம்பு என்றுதான் முக்கால்வாசி ஓடும். எங்கள் சபை எனக்கு வேதத்தைக் கற்றுக்கொடுத்தது. அதற்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவள். ஆனால் இன்னொருவருடைய பெயருக்கு முன்னால் இப்படி நிற்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அத்தை கற்றுக்கொடுத்தார். புனிதர்களிடம் நான் இப்போதும் ஜெபிப்பதில்லை. அது அவருக்கும் தெரியும், என்னை ஒருநாளும் வற்புறுத்தினதில்லை. அதற்காக அவர் காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொல்வதற்கு நான் யார்?

சரி, சாப்பாடு. மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறித் தீவுக்குப் போனோம். டிக்கெட் மலிவு, காற்றும் அருமை. தயவுசெய்து பாலம் வழியாகக் காரில் போகாதீர்கள். இறங்கினதும் நேரே நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடிக் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு இது. நாங்கள் போனது ஒரு சந்தில் இருக்கிற சின்னக் கடை. பாய் சோற்றை அள்ளிப் போட்டு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து மேலே ஊற்றினார். "பாஞ்சிர்" என்று சொன்னால் போதும், தட்டு நிறைய குழம்பு மிதக்கும். வெண்டைக்காய் அப்படியே நாக்கில் வழுக்கிக்கொண்டு போனது. கோழி, வெண்டைக்காய், அவித்த முட்டை, ஐஸ் தே, எல்லாம் சேர்த்து எனக்கு 14 வெள்ளி. மீன் தலை, கணவாய் முட்டை பக்கம் கை நீட்டுவதற்கு முன்னால் விலை கேளுங்கள். கேட்காமல் எடுத்தவர்கள் காசு கட்டும் இடத்தில் முழிப்பதைப் பார்த்தேன். பினாங்கில் வேறு எதைச் சாப்பிடாமல் வந்தாலும் பரவாயில்லை, இதைச் சாப்பிடாமல் வராதீர்கள்.

அத்தைக்குத் தஞ்சோங் பூங்காவில் இருக்கிற காலேஜ் ஜெனரல் குருமடத்தைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. போக முடியவில்லை. காரணம் பஸ். நிறுத்தத்தில் நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். வந்த ஒரு பஸ்ஸும் கூட்டத்தைப் பார்த்து நிற்காமல் போய்விட்டது. வயசான ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், கண்டுகொள்ளாமல் போவது என்ன பழக்கம்? கிராப் போட்டால் பட்ஜெட் உதைக்கும் என்று கடைசியில் விட்டுவிட்டோம்.

ஆனால் அந்த நிறுத்தத்தில்தான் அத்தை அந்தக் குருமடத்தின் கதையைச் சொன்னார். 1665-ல் சயாமில் அயுத்தியாவில் தொடங்கி, எங்கெங்கோ அலைந்து, 1808-ல் பினாங்குக்கு வந்தது. ஆசியாவின் பல நாடுகளிலிருந்து பையன்கள் வந்து குருப்பட்டத்துக்குப் படித்த இடம். இங்கே பாடம் நடத்திய பிரெஞ்சுக் குருக்கள் இரண்டு பேர், லோரான் இம்பேரும் ஜாக் ஷாஸ்தானும், பிறகு கொரியாவுக்குப் போனார்கள். அங்கே கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம். ஒளிந்திருந்த ஆயர் இம்பேர், தன்னால் ஜனங்கள் சாகக் கூடாது என்று தானே போய்ச் சரணடைந்தார். ஷாஸ்தானையும் இன்னொரு குருவையும் வரச் சொல்லி எழுதினார். அவர்களும் வந்தார்கள். 1839-ல் மூன்று பேரையும் தலை வெட்டிக் கொன்றார்கள். 1984-ல் அவர்களுக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. அத்தை ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. இதையெல்லாம் பூசையில் ஃபாதர் சொல்லக் கேட்டுக் கேட்டு மனசில் வைத்திருக்கிறார். நான் எத்தனையோ தடவை பினாங்குக்கு வந்து செண்டோல் குடித்துவிட்டுப் போயிருக்கிறேன், இந்தக் கதை எனக்குத் தெரியாது.

அங்கிருந்து பார்குவார் தெருவில் உள்ள செயின்ட் ஜார்ஜ் ஆலயம். வெள்ளைத் தூண்கள், பச்சைப் புல்தரை, எதிரே, பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை ஆரம்பித்த பிரான்சிஸ் லைட்டுக்கு 1886-ல் கட்டிய நினைவு மண்டபம். ஆலயம் 1818-ல் கட்டி முடிந்தது. மறு வருஷம் கல்கத்தா பிஷப் மிடில்டன் வந்து பிரதிஷ்டை செய்தார். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் தூண்களோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அங்கே நிற்கும்போது வேறொன்று உறுத்தியது. இந்த ஆலயத்தைக் கட்டியது கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கைதிகள். செங்கல் சுமந்ததும் சுண்ணாம்பு பூசியதும் அவர்கள்தான். வடிவமைத்த ராணுவ இன்ஜினியர் பெயர் தெரிகிறது, பிஷப் பெயர் தெரிகிறது, கவர்னர்கள் பெயர் தெரிகிறது. கட்டினவர்களில் ஒருவர் பெயரையும் நான் எங்கேயும் பார்க்கவில்லை. தங்களுடையதல்லாத ஒரு வேதத்துக்கு, விலங்கு மாட்டின கையோடு வந்தவர்கள் கட்டிக் கொடுத்த கூரையின் கீழ் இருநூறு வருஷமாக ஆராதனை நடக்கிறது. வருஷத்தில் ஒரு ஞாயிறாவது அவர்களை நினைத்து எழுந்து நிற்க வேண்டாமா?

அத்தையிடம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் நோட்டை எடுத்து "கோயில் கட்டின கைதிங்க" என்று எழுதி, மேலே சிலுவை போட்டார். இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் ஜெபித்தார். நான் பக்கத்தில் நின்று அவர்களுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் கண் திறந்தோம்.

பழைய புரொட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்துக்கும் போனோம். கெம்போஜா மரங்கள், பாசி பிடித்த கல்லறைகள். 1794-ல் இறந்த லைட் இங்கேதான் இருக்கிறார். நான் தேடிப் போனது ஹட்சிங்ஸ் பாதிரியார் கல்லறையை. 1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலை ஆரம்பித்தவர், மலாய் வேதாகமத்தைத் திருத்தும் வேலையிலும் உழைத்தவர். உங்களை நடத்தினவர்களை நினைத்து, அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றுங்கள் என்று எபிரெயர் 13-ல் இருக்கிறது. அதை வாசிக்கிற நாம் நடத்தினவர்கள் யார் யார் என்றே தெரியாமல் இருக்கிறோம். சண்டே ஸ்கூல் பிள்ளைகளை இங்கே கூட்டி வந்து, ஒரு கல்லறை முன்னால் உட்கார வைத்துக் கதை சொன்னால் எந்தப் பாடப் புத்தகமும் தேவைப்படாது.

செலவுக் கணக்கு கேட்டவர்களுக்கு: அந்த வேன் இல்லாமல் இருந்தால் 300-க்குள் முடிந்திருக்கும், கொஞ்சம் தாண்டிவிட்டது. திருவிழா சமயத்தில் புக்கிட் மெர்தாஜாமில் அறை கிடைப்பது கஷ்டம். பட்டர்வொர்த்தில் தங்கி, கேடிஎம் கொமுட்டரில் போய் வாருங்கள், மலிவு. குடை, தண்ணீர், சில்லறை கட்டாயம். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திடம் இன்று காலையிலேயே பேசிவிட்டேன். அடுத்த ஜூலையில் ஒரு மினி பஸ் எடுத்து அத்தையோடு எல்லோரும் போவதாக இருக்கிறோம். கிள்ளானிலிருந்து நியாயமான வாடகைக்கு வருகிற பஸ்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.