எஸ்பார்த்தோ புல்லைத் தேடி: மாட்ரிட்டிலிருந்து அல்புன்யோல் வரை

மாட்ரிட் நகரின் செர்ரானோ வீதியில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில், கற்கோடரிகளையும் மட்பாண்டங்களையும் கடந்து சென்றால், எஸ்பார்த்தோ என்ற வறண்ட நிலப் புல்லால் செய்யப்பட்ட பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும் பேழை வருகிறது. கூடைகள், சிறு பைகள், செருப்புகள் என விரியும் அந்தத் தொகுதியில் மிகப் பழையவை சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. செருப்பின் அடிப்பாகத்தில் புரிகள் ஒன்றன்மீது ஒன்று ஏறி இறங்கும் ஒழுங்கு இன்னும் குலையவில்லை. எந்தப் புரி எங்கே புகுந்து எங்கே வெளிவருகிறது என்பதைக் கண்ணாலேயே தொடர முடிகிறது. கல்லாயுதங்களை எத்தனையோ அருங்காட்சியகங்களில் பார்த்திருந்தும், அவற்றைச் செய்தவர்களின் கை இவ்வளவு அருகில் இருப்பதாக நான் உணர்ந்ததில்லை. அவை கிடைத்த மலையையும், அந்தப் புல்லை இன்றும் கையாளத் தெரிந்தவர்களையும் பார்த்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இவை அனைத்தும் ஒரே குகையிலிருந்து வந்தவை. ஸ்பெயினின் தெற்கே, கிரனாடா மாகாணத்தின் கரையோரத்தில் அல்புன்யோல் என்ற சிற்றூருக்கு அருகில் உள்ள அதற்கு வௌவால்களின் குகை என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலவுடைமையாளர் ஒருவர் அங்கிருந்த வௌவால் எச்சத்தை உரத்துக்காக அள்ளிக்கொண்டிருந்தார். பின்னர் ஈயத் தாது கிடைக்கும் என்று நம்பிச் சுரங்கத் தொழிலாளர்கள் தோண்டத் தொடங்கினார்கள். 1857இல் அவர்கள் உள்ளறை ஒன்றை உடைத்துத் திறந்தபோது, உலர்ந்துபோன மனித உடல்களும் அவற்றைச் சுற்றிப் புல்லால் முடைந்த ஏராளமான பொருள்களும் கிடந்தன. தேடியது ஈயத்தை என்பதால் புல்லுக்கு அங்கே மதிப்பிருக்கவில்லை. பலவும் சரிவில் வீசப்பட்டன; சில ஊராரின் வீடுகளுக்குப் போயின. மனுவேல் தே கோங்கோரா என்ற அறிஞர் பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்து, தொழிலாளர்களின் நினைவிலிருந்ததைக் கேட்டு எழுதி, எஞ்சியவற்றைத் திரட்டி, 1868இல் வெளியிட்டிராவிட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஓர் உடலின் தலையில் இருந்ததாகச் சொல்லப்படும் பொன் தலைப்பட்டை இன்று மாட்ரிட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்வையாளர்கள் அதன்முன் கூடுகிறார்கள். எனக்கு அந்தப் பொன்னைவிடப் புல்லே அரிய பொருளாகத் தோன்றியது.

கிரனாடா நகரில் தார்ரோ ஆற்றங்கரைச் சாலையில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்திலும் இந்தக் குகையின் பொருள்கள் சில உள்ளன. அவற்றைப் பார்த்துவிட்டுக் கடற்கரைச் சாலை வழியாக அல்புன்யோல் சென்றேன். கரையோரச் சமவெளியில் பிளாஸ்டிக் விரிப்புகளின் கீழ் காய்கறி விளைகிறது. அதற்கு மேலே பாதாம் மரங்களும் திராட்சைக் கொடிகளும் நிற்கும் வறண்ட குன்றுகள் தொடங்குகின்றன. ஊரிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில், அங்கோஸ்துராஸ் என்ற குறுகிய பள்ளத்தாக்கின் வலப்பக்கச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 450 மீட்டர் உயரத்தில் குகை இருக்கிறது. நான் குகைக்குள் செல்ல முயலவில்லை. பள்ளத்தாக்கின் அடியில் நின்று மேலே பார்த்தேன். இடுக்கின் வழியே காற்று இடைவிடாமல் வீசிக்கொண்டிருந்தது. மிகக் குறைந்த ஈரப்பதமும், பள்ளத்தாக்கில் ஏறிவந்து குகையை உலர்த்தும் இந்தக் காற்றும் சேர்ந்தே நுண்ணுயிர்களை அண்டவிடாமல் புல்லைக் காத்தன. ஈரமான நிலத்தில் ஒரு கூடை சில ஆண்டுகளில் மண்ணாகிவிடும். ஐரோப்பாவின் பெரும்பாலான தொல்லியல் களங்களில் நாரும் மரமும் மட்கிப்போய்க் கல்லும் எலும்பும் மட்டுமே எஞ்சியிருப்பதால், அக்கால மனிதர்களின் அன்றாட உடைமைகளில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

2023 செப்டம்பரில் ஸ்பானிய ஆய்வாளர் குழு ஒன்று வெளியிட்ட ஆய்வு, மரம், நாணல், எஸ்பார்த்தோ புல் ஆகியவற்றாலான 76 பொருள்களை எடுத்துக்கொண்டு அவற்றின் காலத்தைக் கரிமக் கணிப்பால் வரையறுத்தது. அதுவரை இவை அனைத்தும் தொடக்ககால உழவர்களுடையவை என்றே கருதப்பட்டு வந்தன. கூடைகளில் சில அதற்கும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் முந்தியவை, அதாவது உழவே அறியாத வேட்டைச் சமூகத்தினர் முடைந்தவை என்று தெரியவந்தது. வேட்டைச் சமூகத்தினரின் கூடைகளில் ஒரே வகை நுட்பம்தான் காணப்படுகிறது. ஆனால் அந்த ஒன்றில் அவர்கள் காட்டும் தேர்ச்சி அபாரமானது. இன்றைக்கு 7,200 முதல் 6,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட உழவர் காலத்தில் வடிவங்களும், பின்னல் முறைகளும், புல்லைப் பதப்படுத்தும் வழிகளும் பெருகுகின்றன. உழவு வந்த பிறகுதான் மனிதன் நுண்ணிய கைத்தொழிலைக் கற்றான் என்று பள்ளியில் படித்தவர்கள் இந்தக் கூடைகளின்முன் சற்று நேரம் நிற்க வேண்டும்.

புல்லைப் பதப்படுத்துதல் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள முர்சியா மாகாணத்தில் உள்ள சியேசா என்ற ஊருக்குப் போனேன். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த ஊர் எஸ்பார்த்தோவால் வாழ்ந்தது. செயற்கை இழைகள் வந்ததும் தொழில் சரிந்தது. இன்று அங்கே ஓர் எஸ்பார்த்தோ அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்பெயினின் தென்கிழக்கிலும் வடஆப்பிரிக்காவிலும் வறண்ட சரிவுகளில் தானாக வளரும் இந்தப் புல்லின் இலை, வெயிலில் ஈரத்தைக் காத்துக்கொள்ளத் தன்னைத்தானே குழலாகச் சுருட்டிக்கொள்கிறது. கோடையில், இலை முற்றிய பின், அதை அறுக்காமல் ஒரு சிறு கோலில் சுற்றி இழுத்துப் பிடுங்குகிறார்கள். இலை தன் உறையிலிருந்து கழன்று வருகிறது, வேர் நிலத்திலேயே நிற்கிறது. பிடுங்கிய புல்லை வாரக்கணக்கில் வெயிலில் உலர்த்தினால் பச்சை மறைந்து பொன்னிறமாகிறது. முரட்டுக் கூடைகளுக்கு இதுவே போதும்; முடைவதற்கு முன் நீரில் நனைத்து இளக்கிக்கொள்கிறார்கள். மெல்லிய கயிறும் செருப்பும் வேண்டுமானால் வேலை இன்னும் நீளும். புல்லை ஒரு மாதத்துக்கும் மேலாக நீரில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, கல்லின்மேல் வைத்து மரச் சுத்தியலால் அடித்து நாராக்க வேண்டும். தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்துக் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை உடனே பிடிபடும்.

அங்கே கயிறு திரித்துக் காட்டிய முதியவர் இடுப்பில் நார்க்கற்றையைக் கட்டிக்கொண்டு, சுழலும் சக்கரத்திலிருந்து பின்னோக்கி நடந்தபடியே நாரை விரல்களால் விட்டுக்கொண்டிருந்தார். அவர் இளமையில் இந்தச் சக்கரத்தைச் சுற்றும் வேலை சிறுவர்களுடையதாக இருந்ததாம். சுத்தியலால் புல்லை அடிக்கும் வேலையைப் பெண்கள் செய்தார்கள். இயந்திரச் சுத்தியல்களின் இரைச்சலில் பலர் செவித்திறனை இழந்தார்கள் என்று அவர் சொன்னபோது அவருடைய குரல் தாழ்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி இதே வட்டாரத்துப் புல்லைப் பற்றி எழுதியபோதும், கோலைக் கொண்டு பிடுங்குவது, வெயிலில் காயவைப்பது, நீரில் ஊறவைப்பது, அடிப்பது என்ற இதே படிகளைத்தான் குறித்திருக்கிறார். ஊறவைக்கக் கடல்நீர் சிறந்தது என்றும் சொல்கிறார். குகையில் கிடைத்த உழவர் காலத்துச் செருப்புகளில் அடித்து நசுக்கிய நார் இருப்பதால், இந்தப் படிகளில் பல பிளினிக்கும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கின்றன. எந்தப் பருவத்தில் பிடுங்குவது, எத்தனை நாள் காத்திருப்பது, எந்தப் பொருளுக்கு எந்தப் பதம் என்று அறிந்திருந்தவர்களுக்கு முடைவது கடைசி வேலை மட்டுமே. அந்தக் காத்திருப்புக்கான திட்டமிடலே இத்தொழிலின் அறிவு என்று நான் நினைக்கிறேன்.

முறுக்கின் கதை இன்னும் பழையது. பிரான்சின் ஆபிரி து மாராஸ் என்ற பாறையொதுக்கில், நியாண்டர்தால் மனிதர்கள் பயன்படுத்திய கற்கருவி ஒன்றில் ஒட்டியிருந்த, சுமார் 6 மில்லிமீட்டர் நீளமே உள்ள கயிற்றுத் துணுக்கு ஒன்றை ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்தார்கள். அது 40,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. மரப்பட்டையின் உள்நாரால் ஆனது. மூன்று புரிகளைத் தனித்தனியே ஒரு திசையில் முறுக்கி, பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கியிருக்கிறார்கள். இரண்டு முறுக்குகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் கயிறு தானாகப் பிரிவதில்லை. சியேசாவில் அந்த முதியவர் கையிலிருந்த கயிறும் இதே முறையில்தான் நின்றது.

மாட்ரிட்டில் எடுத்த செருப்புப் படங்களை அவரிடம் காட்டினேன். அடிப்பாகத்திலிருந்து எழும் சிறு நார்க்கற்றை பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வந்திருக்க வேண்டும் என்றும், நடுவில் பொருத்திய பின்னல் கணுக்காலில் கட்டுவதற்கு என்றும் அவர் விரலால் தொட்டுக் காட்டினார். ஆய்வாளர்களின் விளக்கமும் அதுவே. அந்தச் செருப்புகளில் சில நன்றாகத் தேய்ந்திருக்கின்றன, சில ஒருமுறைகூட அணியப்பட்டதாகத் தெரியவில்லை. புதைப்பதற்கென்றே அவை செய்யப்பட்டிருக்கலாம் என்று ஆய்வு கூறுவதைச் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, தேயாத அடிப்பாகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, இறந்தவருக்கு என்பதற்காகப் பின்னலை எங்கும் தளர்த்தவில்லை, நடப்பவருக்குச் செய்வதைப் போலவே இறுக்கியிருக்கிறார்கள் என்றார்.