வலப்பக்கம் சாய்ந்த சீற்

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை கடைகளுக்குச் சாமான் போடும் கம்பனி வான் என் பொறுப்பு. ஓட்டுவதும் நான்தான், பில் எழுதுவதும் நான்தான். கிழமையில் நான்கு நாள் கரையோர வீதி, இரண்டு நாள் வாவிக்கு மேற்கே படுவான்கரை. நாளுக்கு நாற்பது கடை வரும். கல்முனையைத் தாண்டும்போது நாரியில், அதாவது கீழ்முதுகில், ஒரு பிடி பிடிக்கும். காரைதீவில் இறங்கினால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வேன்.

முதலில் வீதியைத் திட்டினேன். திட்டுவதற்குக் குழிகளும் தாராளமாக இருந்த காலம் அது. பிறகு வழுவழுவென்று தார் போட்டு வீதி காப்பெற் ஆனது, வான் வழுக்கிக்கொண்டு போனது, நாரி மட்டும் அப்படியே. சரி, வயசு என்று நினைத்து நொச்சியிலை ஒத்தடம் பிடித்தேன். எனக்கு இன்னும் நாற்பதே ஆகவில்லை என்று மனைவிதான் சொல்ல வேண்டியிருந்தது.

படுவான்கரை நாட்களில் ஒரு காலம் வலி குறைவாக இருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை வானைப் பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஏற்றித்தான் வாவியைக் கடப்போம். காத்து நிற்க வேண்டும், ஏற்றியபின் இறங்கி நிற்க வேண்டும். பாதைக்காரரைத் திட்டாத நாளில்லை. பாலம் வந்ததும் கொக்கட்டிச்சோலைக்குப் பறந்து போனோம். அந்த நின்ற நேரம்தான் நாரிக்கு மருந்தாக இருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

சீற்றின்மேல் சந்தேகம் வந்ததும் வீட்டுத் தலையணையைப் போட்டேன். உயரம் கூடி, முழங்கால் ஸ்ரியறிங்கில் இடித்தது. மணி விரிப்புப் போட்டேன், வியர்வையில் சேட்டோடு ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் கேட்டபோது, டயருக்கும் ஒயிலுக்கும் படிவத்தில் இடமுண்டு, சீற்றுக்கு இல்லை என்றார்கள். "எல்லாரும் அதிலதானே தம்பி ஓடினாங்க" என்றார் மெனேஜர். அதுதானே பிரச்சினை!

கடைசியில் கல்முனையில் ஒரு குஷன் கடைக்குப் போனேன். கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சீற்றைப் பார்க்கவில்லை, நான் இறங்கிய விதத்தைப் பார்த்தார்.

"பின் பொக்கற்றில என்ன தம்பி?"

"பேர்ஸ், காக்கா."

"எடுத்து வைங்க. மறுகா பேசுவம்."

சீற்றின் வலது ஓரத்தை அமுக்கிக் காட்டினார். ஸ்பொஞ்ச் நொறுங்கி, அடிக்கம்பி கையில் தட்டியது. நம் வாகனங்களில் சாரதி வலப்பக்கம்தானே, ஏறுவதும் இறங்குவதும் அந்த ஓரத்தில் வழுக்கித்தான். நாளுக்கு நாற்பது என்றால் ஆறு நாளைக்கு 240 தடவை. எனக்கு முன் ஓட்டிய இரண்டு பேரும் அப்படித்தான் இறங்கியிருப்பார்கள். நானோ இடது பொக்கற்றில் பில் துண்டுகள் அடைத்த பேர்ஸை வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் சீற் இறக்க, மறுபக்கம் பேர்ஸ் தூக்க, முள்ளந்தண்டு நடுவில் வளைந்தபடி ஐந்தாறு மணித்தியாலம். காப்பெற் வீதி என்ன செய்யும்?

நல்ல மெத்தென்று போடுங்கள் என்றேன். சிரித்தார். மெத்தென்ற ஸ்பொஞ்ச் கடையில் இருந்து பார்க்கத்தான் சுகம், ஓட்டத்தில் ஆளை உள்ளே இழுத்துவிடும் என்று இறுக்கமானதைப் போட்டார். பிறகு என்னை உட்கார வைத்துச் சீற்றைத் தள்ளினார்: கிளச்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும், முதுகு சாய்வில் இருக்கும்போதே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்ரியறிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். இத்தனை வருஷம் நான் எட்டி எட்டித்தான் ஓட்டியிருக்கிறேன். நாரிக்குப் பின்னால் வைக்க ஏதாவது வாங்கவா என்றதற்கு, வானில் மடித்துக் கிடந்த என் மருதமுனைச் சாரத்தைச் சுருட்டிக் கொடுத்தார்.

முதல் கிழமை வேறு இடமெல்லாம் வலித்தது. மூன்றாம் கிழமை, நிந்தவூரில் நாலாவது கடையில் பில் எழுதும்போதுதான், காரைதீவில் கதவைப் பிடிக்காமல் இறங்கியது நினைவுக்கு வந்தது. முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பொத்துவில் வரை ஓட்டம் விழுந்தால் அன்றிரவு ஒத்தடம்தான். இப்போது பாதை இல்லாததால், ஐந்தாறு கடைக்கு ஒரு தடவை நானே வானைச் சுற்றி ஒரு நடை நடக்கிறேன். டயர் பார்க்கிறேன் என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள்.

காக்கா தந்த 7,000 ரூபா பில்லுக்கு அலுவலகத்தில் இன்னும் படிவம் கிடைக்கவில்லை. பேர்ஸுக்குள்தான் இருக்கிறது. பேர்ஸ் டாஷ்போர்ட்டின் மேல்.