1707ஆம் ஆண்டைச் சுவரில் விரித்துப் பார்த்த அனுபவம்

ஒரு நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டேன். ஆண்டுக்கு 365 சென்டிமீட்டர். எங்கள் கூடத்தின் நீளச் சுவரில் அது தாராளமாக அடங்குகிறது.

ஓர் ஆண்டில் உலகின் பல மூலைகளில் நடந்தவற்றை, நடந்த நாளிலேயே பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வரலாற்றை நாம் நாடு நாடாகத்தான் படிக்கிறோம். ஔரங்கசீப் ஒரு பாடத்தில் இறக்கிறார். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வேறொரு பாடத்தில் இணைகின்றன. ஃபூஜி எரிமலை புவியியல் புத்தகத்துக்குப் போய்விடுகிறது. மூன்றும் 1707இல் நடந்தவை என்பதைச் சேர்த்துச் சொல்லும் பக்கம் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பக்கத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் பொருள்கள். கட்டம் போட்ட கிராஃப் தாள்களை நீளப் பட்டைகளாக வெட்டி, பின்னால் காடாத் துணி ஒட்டியிருக்கிறேன். சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசையை இதற்குப் பயன்படுத்தவில்லை. ஈரப்பசை தாளை நனைத்து நீளச் செய்யும். ஒரு மாத நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் டிசம்பர் வருவதற்குள் ஒரு முழு நாள் தள்ளிப்போய்விடும். ஆகவே இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் அளவு அசையாது.

அடுத்தது நாள்காட்டிச் சிக்கல். இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. 1707இல் உலகம் ஒரே தேதியில் வாழவில்லை. பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற கத்தோலிக்க நாடுகள் நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் முறைக்கு எப்போதோ மாறிவிட்டிருந்தன. இங்கிலாந்தும் ரஷ்யாவும் பழைய ஜூலியன் முறையிலேயே இருந்தன. இரண்டுக்கும் 11 நாள் இடைவெளி. சுவீடன் 1700இல் மெதுவாக மாறத் தொடங்கி, போரின் நடுவே அதைக் கைவிட்டதால் இரண்டிலும் சேராமல் ஜூலியனுக்கு ஒரு நாள் முன்னால் நின்றது. முகலாய அரசுக்கு ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய நாள்காட்டி. ஜப்பானுக்குச் சந்திர மாதங்கள். நமக்குச் சூரிய மாதங்கள்.

எல்லாத் தேதிகளையும் கணக்கிட்டு ஒரே பட்டையில் எழுதிவிட்டிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு நாள்காட்டிக்கும் தனிப் பட்டை வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். கிரிகோரியன் மேலே. அதன் கீழ் ஜூலியன் பட்டை 11 சென்டிமீட்டர் வலப்புறம் தள்ளி. சுவீடன் பட்டை 10 சென்டிமீட்டர் தள்ளி. ஹிஜ்ரி நாள் சூரியன் மறையும்போது பிறக்கிறது என்பதால் அதன் கோடுகள் கால் சென்டிமீட்டர் இடப்புறம். தமிழ் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, ஆகவே கால் சென்டிமீட்டர் வலப்புறம். இப்படி வைத்தால், அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஏட்டில் என்ன தேதி எழுதினார்களோ அது அப்படியே அவர்கள் பட்டையில் இருக்கும். ஒரு நூலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் ஒரே நாள் ஆறு பெயர்களில் தெரியும்.

இத்தனைக்கும் நடுவே சரிபார்க்க உதவியது கிழமை. ஜூலியன், கிரிகோரியன், ஹிஜ்ரி, தமிழ் என்று தேதி எப்படி மாறினாலும் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வெள்ளிக்கிழமைதான். அதனால் ஏழு நிறங்களில் கிழமைகளைத் தீட்டிவிட்டேன். நிறங்கள் மேலிருந்து கீழே நேராக ஓடினால் பட்டைகள் சரியாக நிற்கின்றன என்று பொருள்.

இதைத் தரங்கம்பாடியில் சோதித்துப் பார்த்ததுதான் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, மறு ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று தமிழ்ச் சபைக்கான முதல் ஆலயத்தைத் திறந்துவைத்தார். இது எந்த முறையிலான தேதி? டென்மார்க் 1700இலேயே புதிய முறைக்கு மாறிவிட்டது. ஆகவே அதன் குடியேற்றமான தரங்கம்பாடியிலும் புதிய முறையே இருந்திருக்க வேண்டும். பட்டையைப் பார்த்தேன். புதிய முறையில் அந்த ஆகஸ்ட் 14 ஞாயிற்றுக்கிழமை. பழைய முறையில் வியாழன். ஆலயம் திறக்க எந்த நாள் பொருத்தம் என்பதைச் சொல்லவே தேவையில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை, அதே சோழமண்டலக் கரையில், தாமஸ் பிட் ஆளுநராக இருந்த சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர்கள் ஆகஸ்ட் 3 என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு 14. தஞ்சாவூர்ச் சீமையில் உழவருக்கு அது ஆடியா ஆவணியா என்பதே கேள்வி. ஒரு கடற்கரையில் இத்தனை காலக்கணக்குகள் அருகருகே புழங்கியதைக் கண்ணால் பார்க்கும்போது வரும் பரவசம் தேதிப் பட்டியலைப் படிக்கும்போது வருவதில்லை. சீகன்பால்குவின் அந்த முதல் ஆலயம் இன்று இல்லை, கடல் கொண்டுவிட்டது. இப்போது தரங்கம்பாடியில் நாம் பார்க்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழுந்தது.

பட்டைகளை அடுக்கியதும் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது. ஹிஜ்ரி 1119 ஏப்ரல் 4ஐ ஒட்டிப் பிறக்கிறது. இங்கிலாந்தில் அக்காலத்தில் சட்டப்படி ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. பழைய முறையிலான அந்த நாள் மேல் பட்டையில் ஏப்ரல் 5இல் விழுகிறது. அமாவாசை கழிந்து யுகாதி ஏப்ரல் 3 வாக்கில். நம் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 9ஐ ஒட்டி. நம் ஆண்டு நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுவதால், புத்தாண்டு ஏறக்குறைய 60 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் கிரிகோரியன் நாள்காட்டியில் பிந்திய தேதிக்கு நகர்ந்து வந்திருக்கிறது. ஐந்து சுற்றுக்கு முன்னால் போனால் இன்றைய 14, 9 ஆகிவிடும். தொடர்பே இல்லாத நான்கு புத்தாண்டுகள் ஒரே வாரத்தில்! ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் இந்தச் சேர்க்கை எப்போதோ ஒருமுறைதான் அமையும். இந்தப் பகுதிக்கு மட்டும் மஞ்சள் தாள் பின்னால் கொடுத்திருக்கிறேன்.

தமிழ்ப் பட்டையில் அன்று பிறந்தது சர்வசித்து ஆண்டு. அடுத்த மாதம் கிரேட் பிரிட்டன் என்ற அரசு பிறக்கிறது. நான்கு சுற்றுகள் கழித்து, அதே சர்வசித்து ஆண்டில், 1947 ஆகஸ்டில் அந்த அரசு இந்தியாவை விட்டுப் போகிறது. தமிழ்ப் பட்டை செய்திருக்காவிட்டால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

இனி ஆண்டின் தொடக்கத்துக்கு வருகிறேன். மார்ச் 3 அன்று அகமதுநகரில் ஔரங்கசீப் 88 வயதில் இறந்தார். ஹிஜ்ரி பட்டையில் துல்கஅதா 28, 1118. ஆங்கிலப் பட்டையில் பிப்ரவரி 20. ஆண்டோ 1706, ஏனென்றால் அவர்களுக்கு 1707 இன்னும் பிறக்கவில்லை! இந்தச் சிறு விஷயம் பிரிட்டனின் சட்டப் புத்தகத்திலேயே தங்கிவிட்டது. இணைப்புச் சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் பழைய முறை ஜனவரி 16 அன்று ஏற்றது. இங்கிலாந்தில் அரசி ஆன் மார்ச் 6 அன்று ஒப்புதல் தந்தார். ஸ்காட்லாந்து 1600 முதலே ஜனவரியில் ஆண்டைத் தொடங்கியது. ஆகவே முதலில் வந்த சட்டம் 1707ஆம் ஆண்டுச் சட்டம், பிறகு வந்தது 1706ஆம் ஆண்டுச் சட்டம். இன்றும் அவற்றின் பெயர் அப்படியேதான் இருக்கிறது. என் சுவரில் அந்த இரண்டுக்கும் நடுவே ஔரங்கசீப்பின் மரணம் நிற்கிறது.

இணைப்பு நடைமுறைக்கு வந்தது பழைய முறை மே 1, மேல் பட்டையில் மே 12. ஸ்காட்லாந்துக்கு மக்களவையில் 45 இடங்கள், பிரபுக்கள் அவையில் 16. ஈடாக 3,98,085 பவுண்டும் 10 ஷில்லிங்கும். அதற்கு அருகே ஸ்பெயினை எழுதியபோது மனம் கனத்தது. ஏப்ரல் 25, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, அல்மான்சாவில் பெரும் போர். வென்ற பிரெஞ்சு ஸ்பானியப் படைக்குத் தலைவர், இங்கிலாந்தின் முன்னாள் அரசர் இரண்டாம் ஜேம்ஸின் மகனான பெர்விக் பிரபு. தோற்ற படையை, ஆங்கிலேயர்கள் சார்பில், பிரான்சில் பிறந்த கால்வே பிரபு நடத்தினார். ஜூன் 29இல் ஸ்பெயின் அரசர் ஐந்தாம் ஃபிலிப் ஆணையிட்டு அரகோன், வலென்சியா அரசுகளின் பழைய சட்டங்களையும் உரிமைகளையும் ஒழித்தார். ஏழு வாரத்துக்குள் ஐரோப்பாவின் இரு முனைகளில் பழைய அரசுகள் பெரிய அரசுகளுக்குள் கரைகின்றன. ஓரிடத்தில் வாக்கெடுப்பால், மற்றோர் இடத்தில் வாளால். அந்த ஜூனில் வலென்சியாவின் ஹாத்திவா நகரம் கொளுத்தப்பட்டது. அந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஃபிலிப்பின் ஓவியத்தை இன்றும் தலைகீழாகத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

அதே ஜூனில் ஆக்ரா அருகே ஜாஜவ்வில் ஔரங்கசீப்பின் மகன்கள் மோதினார்கள். அசம் ஷா கொல்லப்பட, முவாஸம், பகதூர் ஷா என்ற பெயரில் அரியணை ஏறினார். ஆள்வது யார் என்று மூன்று இடங்களில் ஒரே கோடையில் முடிவாகிறது. இந்தப் பகுதியில் எழுத இடம் போதாமல், பட்டைக்கு மேலே சிறு அட்டைகள் குத்திவைத்திருக்கிறேன்.

மொத்த வேலைக்கும் பலன் அக்டோபரில் கிடைத்தது. இங்கிலாந்தின் கப்பற்படைத் தளபதி கிளவ்ட்ஸ்லி ஷவல், பிரான்சின் துலோன் துறைமுக முற்றுகையிலிருந்து திரும்பும் வழியில், இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பாலுள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் நான்கு கப்பல்களை இழந்தார். அவரும் இறந்தார். 1,400 முதல் 2,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். அசோசியேஷன் என்ற தலைமைக் கப்பலில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடலில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சரியாகத் தெரியாததே அடிப்படைக் காரணம். 1714இல் தீர்க்கரேகை காணும் வழிக்கு 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்த நாடாளுமன்றத்துக்கு இந்தத் துயரம் மறந்திருக்க முடியாது. பல புத்தகங்களில் இதன் தேதி அக்டோபர் 22. ஜப்பானின் ஹோயெய் பெருநிலநடுக்கத்தின் தேதி அக்டோபர் 28. படிக்கிறவர்கள் கப்பல் முதலில், நிலநடுக்கம் பிறகு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஜூலியன் பட்டையை அதன் இடத்தில் வைத்தால் சில்லி விபத்து நவம்பர் 2, புதன்கிழமைக்கு நகர்கிறது. நிலநடுக்கம் அதற்கு ஐந்து நாள் முன்னதாகவே நடந்துவிட்டது. பழகிய வரிசை கண் முன்னே புரண்டுபோனது.

ஜப்பான் பட்டையைச் சரிபார்க்கவும் ஒரு வழி கிடைத்தது. அந்நாட்டுக் குறிப்புகளில் நிலநடுக்கம் ஹோயெய் என்று பெயரிட்ட காலப்பகுதியின் 4ஆம் ஆண்டு பத்தாம் மாதம் 4ஆம் நாள். ஃபூஜி வெடித்தது பதினொன்றாம் மாதம் 23ஆம் நாள். பத்தாம் மாதத்துக்கு 30 நாள் கொடுத்தால் இடைவெளி 49 நாள். மேல் பட்டையில் அக்டோபர் 28 முதல் டிசம்பர் 16 வரை அளந்தேன். அதே 49 சென்டிமீட்டர். நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று ஏழு வாரம் ஆகியிருந்த நிலையில் மலை வெடித்தது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த எடோவில், இன்றைய டோக்கியோவில், பட்டப்பகலில் விளக்கேற்ற வேண்டியிருந்ததை அறிஞர் அராய் ஹகுசெகி பதிவு செய்திருக்கிறார். அந்தச் சாம்பல் ஆண்டின் கடைசி நாள்கள் வரை விழுந்தது. ஃபூஜி அதன் பிறகு இன்றுவரை வெடிக்கவில்லை. டிசம்பர் 16 முதல் பட்டையின் வலது ஓரம் வரை பென்சில் கரியைப் பஞ்சால் தேய்த்திருக்கிறேன்.

பிறப்புகளுக்குப் பச்சை மை. ஏப்ரல் 15, பாசல் நகரில் கணிதமேதை ஆய்லர். மே 23, சுவீடனில் லின்னேயஸ். அவர் ஊர்ப் பட்டையில் மே 13. செப்டம்பர் 7, பிரான்சில் பூஃபோன். உயிரினங்களை வகைப்படுத்துவதில் பின்னாளில் எதிரெதிர் நின்ற லின்னேயஸும் பூஃபோனும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். மே 23க்கு இன்னொரு குறிப்பும் உண்டு: கிரேக்கத் தீவான சாண்டோரினியில் கடலுக்கடியிலிருந்து புதிய நிலம் மேலெழத் தொடங்கிய நாள் அது.

இன்னும் சில இடைவெளிகள் இருக்கின்றன. ஐஸ்லாந்தில் அந்த ஆண்டு பெரியம்மை நுழைந்து, இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ கால் பங்கு மக்களைக் கொன்றது. அதை ஒரு புள்ளியாக வைக்க முடியாது, நீளக் கோடாக இழுக்க வேண்டும். சீனப் பேரரசர் காங்ஷியின் ஆறாவதும் கடைசியுமான தென்னகப் பயணத்தையும் அப்படித்தான் காட்ட வேண்டும். ரஷ்யாவின் டான் நதிக்கரையில் புலாவின் என்பவர் தலைமையில் கோசாக்குகள் என்ற குதிரைவீரர்கள் கிளர்ந்தெழுந்ததை ஜூலியன் பட்டையில் எழுதிவிட்டேன். அட்டை மட்டும் பாக்கி. இவை முடிந்ததும் 1712ஐத் தொடங்கப்போகிறேன். சுவீடன் ஜூலியன் முறைக்குத் திரும்புவதற்காக அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 30 நாள் கொடுத்தது. அதற்கான பட்டையை இப்போதே ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிவைத்துவிட்டேன்.